புனேயில் ஒரு நாள்

1. அத்தையின் தயக்கம்

அத்தை தம் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். மகனுக்குப் புனே நகரில் வேலை. புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பழைய நகரம். முன்பு இதைப் பூனா என்று சொல்வார்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்தது. மருமகள் சொன்னாள்:

"அத்தை, நாளைக்கு எனக்கு விடுமுறை. நாம் ஊர் சுற்றப் போகலாமா? அருங்காட்சியகம் பார்க்கலாம். பூங்காவில் உட்காரலாம்."

"அருங்காட்சியகமா? அது என்னம்மா?"

"மியூசியம் என்கிறார்களே, அதுதான். அரும், காட்சி, அகம். மூன்று சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அரிய பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம்."

அத்தை தயங்கினார். "அதெல்லாம் படித்தவர்கள் போகிற இடம். அங்கே எழுதியிருப்பது மராத்தி. இல்லாவிட்டால் ஆங்கிலம். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து. அதுவும் போன வருடம்தான் கற்றேன்."

"நான் படித்துச் சொல்கிறேன் அத்தை. நீங்கள் பாருங்கள். பார்ப்பதற்குக் கண் போதும்."

"ஓடி ஓடிப் பார்க்க என்னால் முடியாது. முழங்கால் வலி."

"ஓட வேண்டாம். மெதுவாகப் போவோம். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?"

அத்தை சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டார்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர். ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சோறு. அத்தையின் பையில் இன்னொன்றும் இருந்தது. அது ஒரு நோட்டுப் புத்தகம். அத்தை அதைத் துணியில் சுற்றி அடியில் வைத்திருந்தார். ரயிலில் வரும்போது உறவுக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். "இந்த வயதில் நோட்டுப் புத்தகமா?" என்று சிரித்தார். அன்று உள்ளே வைத்ததுதான். பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

2. ஆகா கான் மாளிகை

முதலில் ஆகா கான் மாளிகைக்குப் போனார்கள். காலை வெயில் இதமாக இருந்தது. வாசலில் இருந்தே தோட்டம் தொடங்கியது. பெரிய பெரிய மரங்கள். பச்சைப் புல்வெளி. நடுவில் வளைவு வளைவாகத் தாழ்வாரம் வைத்த வெள்ளை மாளிகை.

"எந்த ராஜா கட்டியது?" என்று அத்தை கேட்டார்.

"மூன்றாம் ஆகா கான் கட்டியது. 1892-ஆம் ஆண்டில். அப்போது பஞ்சம். சுற்று ஊர் மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும் என்று கட்டினாராம்."

"பஞ்ச காலத்தில் எங்கள் ஊரிலும் குளம் வெட்டினார்கள் என்று தாத்தா சொல்வார்," என்றார் அத்தை.

இந்த மாளிகை பிறகு சிறையாக மாறியது. 1942 ஆகஸ்ட் மாதம் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் தொடங்கியது. உடனே ஆங்கில அரசு காந்தியைக் கைது செய்தது. அவரை இங்கே வைத்தது. கஸ்தூரிபா, சரோஜினி நாயுடு, காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் ஆகியோரும் இங்கே காவலில் இருந்தார்கள். வந்த ஒரு வாரத்திலேயே, 1942 ஆகஸ்ட் 15 அன்று, மகாதேவ் தேசாய் இறந்தார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா இறந்தார். அதே ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் காந்தி விடுதலை ஆனார்.

1969-இல் நான்காம் ஆகா கான் இந்த மாளிகையை நாட்டுக்குக் கொடுத்தார். இப்போது இது காந்தி நினைவிடம். காந்தி இருந்த அறையை வெளியே நின்று பார்க்கலாம். அவர் காலத்துப் பாத்திரங்கள், துணிமணிகள், செருப்பு ஆகியவற்றையும் பார்க்கலாம். எல்லாம் எளிய பொருள்கள்.

இருவரும் தோட்டத்தின் ஓரமாக நடந்தார்கள். அங்கே கஸ்தூரிபாவின் சமாதியும் மகாதேவ் தேசாயின் சமாதியும் இருந்தன. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "கஸ்தூரிபாவுக்குச் சின்ன வயதில் படிப்பு இல்லை அத்தை. குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இங்கே காவலில் இருந்தபோது காந்தி அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்போது கஸ்தூரிபாவுக்கு எழுபது வயதுக்கு மேல்."

"எழுபதுக்கு மேலா?"

"ஆமாம் அத்தை."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மர நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். வெகு நேரம் சமாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

3. வழியில் ஒரு கோட்டை

ஆட்டோ நகருக்குள் வந்தது. ஓரிடத்தில் உயரமான கல் மதில் தெரிந்தது. அதில் பெரிய மரக் கதவு. கதவு முழுவதும் கூரான இரும்பு முட்கள்.

"இது சனிவார் வாடா," என்றாள் மருமகள். "வாடா என்றால் பெரிய வீடு. மராட்டிய நாட்டை ஆண்ட பேஷ்வாக்களின் மாளிகை. 1732-இல் கட்டி முடித்தார்கள்."

"கதவில் முள் எதற்கு?"

"பகைவர் யானையைக் கொண்டு கதவை முட்டி உடைக்க வருவார்கள். முள் இருந்தால் யானை முட்டாது."

"உள்ளே என்ன இருக்கிறது?"

"1828-இல் பெரிய தீ. மாளிகை எரிந்துபோனது. மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான் மிச்சம். உள்ளே இப்போது தோட்டம். இறங்கிப் பார்க்கலாமா?"

அத்தை முழங்காலைத் தடவினார். "வாசலைப் பார்த்ததே போதும். இன்னொரு நாள் வரலாம்."

அதுவும் சரிதான். ஒரே நாளில் பத்து இடம் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

4. பாக்குவெட்டிக்கும் ஓர் இடம்

அடுத்து ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம். இது அரண்மனை அல்ல. கடைத்தெருவின் நடுவே உள்ள கட்டடம். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அத்தை முதல் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குகள். தொங்கும் விளக்கு. குத்து விளக்கு. கையில் பிடிக்கும் விளக்கு. இன்னொரு பெட்டியில் சீப்புகள். மற்றொன்றில் மைக்கூடுகள். அப்புறம் சமையல் பாத்திரங்கள், இசைக் கருவிகள், பொம்மைகள். செதுக்கு வேலை செய்த கதவுகள். குளிக்கும்போது பாதம் தேய்க்கும் உலோகக் கருவிகள் கூட இருந்தன.

"இது பாக்குவெட்டி அல்லவா!" அத்தை உரக்கவே சொல்லிவிட்டார்.

ஆமாம், பாக்குவெட்டிதான். ஒன்றல்ல, வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு வடிவம்.

"நம் வீட்டுச் சாமான்களை இங்கே யார் கொண்டுவந்து வைத்தது?" என்று அத்தை கேட்டார்.

மருமகள் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

இந்தப் பொருள்களைச் சேர்த்தவர் தினகர் கங்காதர் கேல்கர். 1896-இல் பிறந்தவர். மூக்குக் கண்ணாடி வியாபாரம் செய்தவர். கவிதையும் எழுதினார். அவருக்கு ஒரே மகன். பெயர் ராஜா. அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே இறந்துவிட்டான். அவன் நினைவாகத்தான் இந்த அருங்காட்சியகம். அதனால்தான் இதன் பெயரில் முதலில் 'ராஜா' இருக்கிறது. அது அரசரைக் குறிக்கும் ராஜா அல்ல. ஒரு குழந்தையின் பெயர்.

கேல்கர் ஊர் ஊராகப் போனார். வீடுகளில் பழகிப்போன பழைய பொருள்களைத் தேடினார். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவர் விலை கொடுத்து வாங்கினார். அவர் மனைவி கமலாபாயும் துணை நின்றார். இப்படிச் சேர்ந்த பொருள்கள் 20,000-க்கும் மேல். இடம் போதாததால் ஒரு பகுதியைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கேல்கர் தாம் சேர்த்தது முழுவதையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். 1990-இல் காலமானார்.

அத்தை கண்ணாடிக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"என் மாமியாரிடம் பித்தளைப் பாக்குவெட்டி இருந்தது. கைப்பிடியில் கிளி இருக்கும். இரண்டு கிளி. அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய சாமான்காரரிடம் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். குடம் ஒரு வருடத்தில் உடைந்துபோனது."

"அப்போது நமக்குத் தெரியவில்லை அத்தை."

"எத்தனை பேர் கை பட்ட பொருள்! செய்தவர் பெயர் இங்கேயும் எழுதவில்லை. ஆனால் அவர் கைவேலை நிற்கிறது, பார்."

பேஷ்வாவின் மாளிகை எரிந்துபோனது. பெயர் தெரியாத கொல்லர் செய்த பாக்குவெட்டி பத்திரமாக இருக்கிறது. யாரோ ஒருவர் அதை மதித்தார். எடுத்து வைத்தார். அதனால் இருக்கிறது.

5. பூக்காரர் வீடு

பிற்பகலில் மகாத்மா புலே வாடாவுக்குப் போனார்கள். 'வாடா' என்றாலும் இது கோட்டை அல்ல. முற்றம் வைத்த எளிய வீடு. ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் வாழ்ந்த வீடு. சுவர்களில் அவர்களுடைய வாழ்க்கையைக் காட்டும் படங்கள். முற்றத்தில் துளசி மாடம். அங்கேதான் ஜோதிராவின் சமாதி.

"புலே என்ற பெயர் பூவிலிருந்து வந்தது," என்றாள் மருமகள். "மராத்தியில் பூல் என்றால் பூ. இவர்கள் குடும்பம் பேஷ்வாக்களுக்குப் பூ கொடுத்துவந்த குடும்பம்."

ஜோதிராவ் 1827-இல் பிறந்தார். சாவித்திரிபாய் 1831-இல் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதில் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. கணவர் கற்றுக் கொடுத்தார். 1848-இல் இருவரும் சேர்ந்து புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். எழுத்துத் தெரியாமல் வந்த பெண் ஆசிரியை ஆனார்.

ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்குப் போகும் வழியில் சேறும் சாணமும் எறிந்தார்கள் என்று சொல்வார்கள். அதனால் அவர் மாற்றுப் புடவை ஒன்றையும் கையோடு கொண்டுபோவாராம். பள்ளியை மட்டும் நிறுத்தவில்லை.

1855-இல் புலே தம்பதி இரவுப் பள்ளியும் தொடங்கினார்கள். அது குழந்தைகளுக்கு அல்ல. பகலெல்லாம் உழைக்கும் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "பெரியவர்களுக்கா? இரவிலா? எங்கள் வகுப்பு மாதிரியா?"

"ஆமாம் அத்தை. உங்கள் வகுப்பு மாதிரித்தான்."

மருமகள் முற்றத்தில் இருந்த கிணற்றைக் காட்டினாள். "அந்தக் காலத்தில் சில சாதிக்காரர்களைப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். 1868-இல் ஜோதிராவ் தம் வீட்டுத் தண்ணீரை அவர்களுக்குத் திறந்துவிட்டார்."

"எங்கள் ஊரிலும் கிணற்றடியில் அப்படி ஒரு கோடு இருந்தது," என்றார் அத்தை. "கண்ணுக்குத் தெரியாத கோடு. நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அது தப்பு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை."

ஜோதிராவ் 1890-இல் இறந்தார். 1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. சாவித்திரிபாய் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அந்த நோய் அவரையும் பிடித்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அவர் இறந்தார்.

"அவர்கள் பள்ளி நடத்திய கட்டடத்தைப் பார்க்கலாமா?" என்று அத்தை கேட்டார்.

"முதல் பள்ளி பிடே வாடா என்ற வீட்டில் நடந்தது. அது மிகவும் சிதைந்துபோயிருந்தது. 2023-இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நினைவகம் கட்டுவதற்காக இடித்தார்கள்."

அத்தை முற்றத்தின் திண்ணையில் உட்கார்ந்தார். பையைத் திறந்தார். துணியைப் பிரித்தார். நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"சாவித்திரிபாய். எப்படி எழுதுவது? 'த்' வருமா?"

"வரும் அத்தை. சா, வி, த், தி, ரி, பா, ய்."

அத்தை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பக்கத்தில் சிலர் நின்று பார்த்தார்கள். இந்த முறை அத்தை புத்தகத்தை மூடவில்லை.

6. மாலைப் பூங்கா

கடைசியாகச் சரஸ் பாக். பாக் என்றால் தோட்டம். முன்பு இது ஒரு ஏரி. ஏரி நடுவில் சின்னத் தீவு. தீவில் பிள்ளையார் கோயில். 1960-களில் நீர் வற்றிய ஏரியைப் பூங்கா ஆக்கினார்கள். இன்றும் மக்கள் அவரை 'ஏரிப் பிள்ளையார்' என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். கோயில் பக்கத்தில் ஒரு சிறு அருங்காட்சியகம். அதில் விதவிதமான பிள்ளையார் உருவங்கள்.

புல்வெளியில் குழந்தைகள் விளையாடினார்கள். இருவரும் ஓரமாக உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

"மியூசியத்தில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் சீட்டு எழுதி வைத்திருந்தார்களே, அதில் என்ன இருக்கும்?" என்று அத்தை கேட்டார்.

"பொருளின் பெயர். எதனால் செய்தது. எந்த ஊர். எந்தக் காலம். அவ்வளவுதான்."

அத்தை நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தார். யோசித்து யோசித்து எழுதினார். பிறகு மருமகளிடம் காட்டினார்.

சொம்பு.
பித்தளையால் செய்தது.
என் அம்மாவுடையது.
அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கியது.
நான் விற்க மாட்டேன்.

மருமகள் இரண்டு முறை படித்தாள்.

"கடைசி வரி எந்த மியூசியத்திலும் இருக்காது அத்தை," என்றாள்.

"இருக்கட்டும். நம் வீட்டில் இருக்கட்டும். ஊருக்குப் போனதும் இதைக் கிழித்துச் சொம்புக்குள் போட்டு வைப்பேன். எனக்குப் பிறகு எடுப்பவர்கள் படித்துக்கொள்வார்கள்."

விளக்குகள் எரியத் தொடங்கின. இருவரும் மெதுவாக வாசலை நோக்கி நடந்தார்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

அருங்காட்சியகம் பார்க்கப் போகிறீர்களா?

* எந்த நாள் விடுமுறை, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* ஒரு நாளில் இரண்டு மூன்று இடம் போதும். நடுவில் ஒரு பூங்காவில் இளைப்பாறுங்கள்.
* பொருள்களைத் தொடாதீர்கள். கையில் உள்ள வியர்வையும் எண்ணெயும் உலோகத்தைக் கெடுக்கும். துணியையும் ஓவியத்தையும் கறையாக்கும்.
* பெரிய பொருள்களை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் உள்ளதைப் போன்ற பொருளைத் தேடுங்கள்.
* புரியாததைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

புதிய சொற்கள்

அருங்காட்சியகம் – அரிய பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் இடம்
நினைவிடம் – ஒருவரின் நினைவைப் போற்றும் இடம்
செயலாளர் – ஒரு தலைவருக்கு எழுத்து வேலையிலும் மற்ற வேலைகளிலும் உதவுபவர்
தம்பதி – கணவனும் மனைவியும்

விடை சொல்லுங்கள்

1. ஆகா கான் மாளிகையை எந்த ஆண்டில் கட்டினார்கள்? ஏன் கட்டினார்கள்?
2. கேல்கர் அருங்காட்சியகத்தின் பெயரில் வரும் 'ராஜா' யார்?
3. 1855-இல் புலே தம்பதி யாருக்காக இரவுப் பள்ளி தொடங்கினார்கள்?
4. அத்தை முதலில் நோட்டுப் புத்தகத்தை ஏன் மறைத்தார்? பிறகு ஏன் வெளியே எடுத்தார்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை எடுங்கள். அது உரலாக இருக்கலாம். படியாக இருக்கலாம். அரிவாள்மணையாக இருக்கலாம். வீட்டில் வயதானவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பிறகு அதற்கு ஒரு சீட்டு எழுதுங்கள்.

பொருளின் பெயர்: ..................
எதனால் செய்தது: ..................
யாருடையது: ..................
எப்போது வாங்கியது: ..................
நான் சொல்ல விரும்புவது: ..................